ரெண்டு கார்டு போட்ட சர்வர்களும் நானும்

கம்ப்யூட்டர் சர்வர் ரிப்பேர் பார்ப்பவனை யாரும் நல்ல நாளில் கூப்பிடுவதில்லை; அதிலும் சர்வரில் கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டு ரெண்டு இருந்துவிட்டால், நான் போய்ச் சேரும் முன்பே அங்கே பாதிச் சண்டை நடந்து முடிந்திருக்கும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இதே பிழைப்பில் அலையும் சகோதரர்களே, இனி நான் சொல்லப்போகிறவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்.

காலிக் கட்டம்

மாம்பழ சீசன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி. வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன; வெயிலில் பழம் கனிந்து சாறு ஒழுகுகிறது. வேப்பனப்பள்ளியிலிருந்து லோடு கொண்டுவந்த விவசாயி ஒருவர், "ஏங்க, எல்லாம் அழுகினப்புறம்தான் பில்லு போடுவீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

உள்ளே சர்வரில் ஒரு கார்டு எடைமேடைக்கு, இன்னொன்று இன்டர்நெட்டுக்கு. வெளியுலகத்துக்கு வழி இதுதான் என்று சொல்லும் கேட்வே முகவரி, இன்டர்நெட் கார்டில் மட்டும் இருக்க வேண்டும். இங்கே ரெண்டிலும் இருந்தது. பில் தகவல் எல்லாம் எடைமேடைப் பக்கம் போய், வெளியே வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. எடைமேடை கார்டில் இருந்ததை அழித்தேன், பில் வந்தது, டிராக்டர் நகர்ந்தது. இதை யார் போட்டது என்று கேட்டேன். மேனேஜர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "காலையில ஸ்கிரீன்ல பார்த்தேன் சார், அந்தக் கட்டம் மட்டும் காலியா அசிங்கமா இருந்துச்சு. நான்தான் நிரப்பி வெச்சேன்."

டபுள் ஸ்பீடு

ஜூஜுவாடியில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. வேகம் ரெண்டு மடங்காகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதலாளி ரெண்டு கார்டையும் ஒரே நெட்வொர்க்கில் செருகிவிட்டார். ஒரு கார்டிடம் கேட்டதற்கு இன்னொரு கார்டு பதில் சொல்ல ஆரம்பித்தது. சம்பந்தமில்லாத பக்கத்திலிருந்து வரும் பதிலை, நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் சும்மா விடுமா? தூக்கி எறிந்தது. ஸ்டோர்ஸில் ஸ்கேனர்கள் ஒரு நேரம் ஓடின, ஒரு நேரம் படுத்துக்கொண்டன. சரக்கை ஸ்கேன் பண்ணாமல் லாரி கிளம்ப முடியாது. டிரைவர் கன்னடத்தில் திட்டிய திட்டு ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

ஒரு கேபிளைப் பிடுங்கினேன். ஸ்கேனர்கள் எழுந்தன, லாரி கிளம்பியது. முதலாளி சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், சர்வருக்குப் பின்னால், கேபிள் பிடுங்கிய கார்டில் அணைந்துபோன விளக்கையே சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் சரி தம்பி, கஸ்டமருங்க வந்தா பார்க்கறதுக்கு அந்த லைட்டு மட்டும் சும்மானாச்சும் எரியற மாதிரி பண்ண முடியுமா?"

கம்பம் சாய்ந்த நாள்

தேன்கனிக்கோட்டை பக்கம் ரோஜாப் பண்ணை வைத்திருக்கிறார் நாகராஜண்ணன். குளிர் அறையில் சூடு ஏறினால் சர்வர் அவர் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு கார்டில் கேபிள் இன்டர்நெட்; அது போனால் கைகொடுக்க, இன்னொரு கார்டில் சிம் போட்ட மோடம். யாரோ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒருநாள் யானை, கேபிள் வரும் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. கேபிள் அறுந்தது. அன்றைக்கென்று குளிர்சாதனமும் மக்கர் பண்ணியது. ஆனால் பக்கத்து மேஜையில் இருந்த இன்டர்நெட் பெட்டி உயிரோடு இருந்ததால், லைன் நன்றாக இருப்பதாகவே சர்வர் நம்பியது. அறுந்துபோன பக்கமே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. மதியம் அண்ணன் கதவைத் திறந்தபோது, ஏற்றுமதிக்கு வெட்டிவைத்த மொட்டெல்லாம் மலர்ந்து சிரித்தது. மலர்ந்த பூவை வெளிநாட்டில் யாரும் வாங்குவதில்லை.

வெளியிலிருந்து நிஜமாகவே பதில் வருகிறதா என்று சர்வர் அடிக்கடி கேட்டுப் பார்த்து, வராவிட்டால் அடுத்த கார்டுக்கு மாறும்படி செய்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வழியில பள்ளம் வெட்டிப் போட்டா யானையே சுத்திக்கிட்டுப் போவுது சாமி, உம் மெஷினுக்கு அதுகூடத் தெரியலையே."

சர்வரில் எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எழுதிவைக்க ஓர் இடம் இருக்கிறது. அந்தச் சர்வரை வாங்கி வைத்திருப்பவர்களிடம்தான் அப்படி ஓர் இடத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.