என் மனைவி முன்னால் ஓடினாள்

ஓட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கும் வேலை எனக்கு. ஷிப்ட் மாறி மாறி வரும். தூக்கமும் சாப்பாடும் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகும். ஐம்பதை நெருங்கிய ஆண்டில் ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர், மாத்திரையை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் நடந்துதான் பாருங்களேன் என்றார். அன்று மாலையே எங்கள் தாமான் குடியிருப்பின் திடலைச் சுற்ற ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் கழித்து என் மனைவியும் வந்தாள். காலில் வீட்டுச் செருப்பு.

"நீங்க தனியா சுத்திக்கிட்டு இருந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? நானும் வரேன்."

அவள் மின்னணுச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். காலை பஸ் ஏறினால் மாலை வரை நின்றபடியே வேலை. அந்தக் கால்களுக்குள் என்ன இருந்தது என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது. நான் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறியபோது அவளும் மாறினாள். முதலில் என் பின்னால் வந்தாள், பிறகு பக்கத்தில். ஒரு வருடம் போவதற்குள் திடலின் மறுகோடியில் அவள் சட்டையின் நிறம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு சீன நண்பர் எங்களை முதன்முதலாக பூலாய் மலைக்குக் கூட்டிப்போனார். உச்சிக்குப் போய் நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தேன். மனைவி கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைச் சுண்டி எறிந்துவிட்டு, "இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல. இனிமே எறங்க வேண்டியதுதான்."

"அப்ப எறங்கிட்டு இன்னொரு தடவ ஏறலாமா?"

நண்பர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். எனக்கு அவள் குரல் தெரியும், நான் சிரிக்கவில்லை.

அப்படியே போய்ப் போய், காஹாங் பக்கத்தில் நடக்கும் ஒரு மலையோட்டத்துக்குப் பேர் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். ஐம்பது கிலோமீட்டர். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பந்துத் திடலில் தொடங்கி, தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடி, காட்டுக்குள் நுழைந்து, பெலுமுட் மலையின் உச்சியைத் தொட்டுவிட்டு, போன வழியே திரும்ப வேண்டும். மாலை ஏழு மணிக்குள் முடித்தால்தான் கணக்கு. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் கேட்டுவிட்டு, "அப்பா, உங்க வயசுல எல்லாரும் கரோக்கே பாடிக்கிட்டு சந்தோஷமா இருக்காங்க" என்றாள். "அம்மாகிட்ட சொல்லு" என்று போனைக் கொடுத்தேன். அம்மாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

விடிவதற்கு முன் திடலில் நெற்றி விளக்குகளோடு நின்றோம். முந்தின நாள் மழையில் தரை சொதசொதவென்று இருந்தது. ஊதல் சத்தம் கேட்டதும் கூட்டம் நகர்ந்தது. செம்பனை வரிசைகளுக்கிடையே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பின்னாலிருந்து பார்க்க அழகாக இருந்தது. அவற்றில் ஒன்று மட்டும் அடிக்கடி திரும்பி என் கண்ணில் அடித்தது. மனைவிதான். பத்தடி ஓடுவாள், திரும்பிப் பார்ப்பாள், நிற்பாள், நான் வந்ததும் மறுபடி ஓடுவாள்.

தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அதற்குள் பொழுது விடிந்திருந்தது. அவள் எனக்கு முன்பே வந்து, என் புட்டியில் தண்ணீர் நிரப்ப ஆளைப் பிடித்து வைத்திருந்தாள்.

"நீ போம்மா" என்றேன்.

"சேர்ந்தே போலாங்க. என்ன அவசரம்?"

"திரும்பித் திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்கும். நீயும் ஓடல, என்னையும் நிம்மதியா ஓட விடல."

"காட்டுக்குள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்குப் பின்னாடி இன்னும் ஆளுங்க இருக்காங்க. பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். உண்மையிலேயே நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். பைக்குள் கையை விட்டு அசாம்போய்ப் பொட்டலத்தை எடுத்தாள். உப்பும் புளிப்புமான அந்த உலர்ந்த பழம் வாயில் கிடந்தால் கால் சதை பிடிக்காது என்பது அவளுடைய நம்பிக்கை. பாதியை என் பையில் போட்டாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவமா? எனக்கா?"

இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு பார்க்கவில்லை. மரங்களுக்குள் அவள் ஓடி மறைந்ததை நான் நின்று பார்த்தேன். முப்பது வருடமாகக் கூடவே இருப்பவளை அப்படிப் பின்னாலிருந்து, கொஞ்சம் தூரத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. தோள்கள் ஆடாமல், சத்தம் போடாமல், வெகு நாளாக அந்தப் பாதையில் போய்வருகிறவள் மாதிரி ஓடினாள்.

மலை என்னைச் சும்மா விடவில்லை. ஓடையைக் கடந்தேன், வேர்களைப் பிடித்து ஏறினேன், செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். சேற்றில் ஒரு கால் புதைந்தால் அதை உருவுவதற்குள் இன்னொரு கால் புதையும். பின்னால் வந்த நாலைந்து பேரும் ஒவ்வொருவராக "சோரி அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் காட்டில் என் மூச்சுச் சத்தமும் பூச்சிகளின் இரைச்சலும்தான் இருந்தன. கஷ்டமாக இருந்தது, ஆனால் வருத்தமாக இல்லை. அடுத்த வேரைப் பிடிப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாத ஒரு காலைப்பொழுது பாய்லர் பார்க்கிறவனுக்கு எப்போது கிடைக்கும்?

உச்சிக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே முன்னால் போனவர்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள். ஒரு கயிற்றின் அடியில் நான் வழிவிட்டு நின்றிருந்தேன். மேலே இருந்து இரண்டு சீனப் பையன்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் முழங்கால் வரை சேறும் காது வரை சிரிப்புமாக என் மனைவி.

"மேல ஒரே மேகங்க. ஒன்னும் தெரியல. குளுருது. தண்ணி குடிக்கறீங்களா?" நின்றபடியே கேட்டாள், ஆனால் கால்கள் நிற்க மறுத்தன.

"குடிக்கறேன், குடிக்கறேன். நீ போ."

போய்விட்டாள். பையன்களில் ஒருவன் அவளைக் காட்டி, "அந்த ஆண்ட்டி ரொம்ப ஸ்ட்ராங், அங்கிள். எவ்வளவு வேகமா எறங்கினாலும் பின்னாலேயே வந்துட்டாங்க" என்று மலாயில் சொன்னான். அவள் என் மனைவி என்றேன். அவன் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கினான்.

உச்சியில் மேகம்தான். அதற்குள் நின்று ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். அங்கே பாறையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, முதுகுப்பையை மாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி, தலையில் தொப்பி.

"அண்ணே, தமிழா? நல்லதாப் போச்சு. நான்தான் கடைசி ஆள்கூட வர்றவன். நீங்க பாட்டுக்கு நடங்க. அவசரமே இல்ல."

அப்போதுதான் எனக்குப் பின்னால் இனி யாரும் வரப்போவதில்லை என்பது உறுதியானது. அவருக்குக் குளுவாங்கில் சாப்பாட்டுக் கடை. அவர் வேலை, உச்சியிலிருந்து திரும்பும்போது கடைசியாக வருகிறவரின் பின்னாலேயே வந்து, வழிகாட்ட மரங்களில் கட்டியிருந்த ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே போவது. நான் ஒரு மரத்தைத் தாண்டினால் அதிலிருந்த ரிப்பன் அவர் பைக்குள் போய்விடும். எங்களுக்குப் பின்னால் பாதை வெறும் காடாக மாறிக்கொண்டே வந்தது.

இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. கயிற்றில் வழுக்கி உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் போனேன். ஓடைக்கரையில் கெண்டைச் சதை கல்லாக இறுகிவிட்டது. உட்காரப் பார்த்தேன்.

"உக்காராதீங்கண்ணே. உக்காந்தா எழும்ப மனசு வராது. மரத்தப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க." குனிந்து என் காலை நீவிவிட்டார். கை இரும்பு மாதிரி இருந்தது. தினமும் ரொட்டி சானாய்க்கு மாவு பிசைகிற கை என்றார்.

வலி மறக்க அவரைக் கேட்டேன். "நீங்களே ஓடலாமே தம்பி. எதுக்கு இந்த வேலை?"

"ஓடினேன்ணே, மொத தடவ. அப்ப எனக்குப் பின்னாடி வர வேண்டியவரு வயிறு சரியில்லன்னு பாதியில போயிட்டாரு. எனக்கு அது தெரியாது. கடைசி ஆளா தனியா வந்தேன். கால் வலி பெருசில்ல. யாருக்காச்சும் நான் இங்க இருக்கறது தெரியுமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாருங்க, அதுதான் தாங்கல. பந்தல்ல போய் நின்னுட்டேன், முடிக்கல." ஒரு ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டினார். "அடுத்த வருசம் வந்து இந்த வேலையக் கேட்டு வாங்கிக்கிட்டேன். ஓடறதவிட இது எனக்குப் பிடிச்சிருக்கு."

அவர் நடந்தபடியே கடையைப் பற்றிப் பேசினார். மீன் கறிக்கு எந்த மீன், எந்த வாடிக்கையாளர் என்ன சாப்பிடுவார், நோன்பு மாதத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்றெல்லாம். எனக்குப் பசி எடுத்தது. பசி எடுத்ததில் நடை கொஞ்சம் வேகமாயிற்று.

காட்டு விளிம்பிலிருந்த பந்தலில் பெண்கள் இருவர் மேசையை மடிக்கத் தயாராக நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி தர்பூசணித் துண்டுகளை நீட்டினாள். இன்னொருத்தி என் மார்பிலிருந்த எண்ணைப் படித்துவிட்டு மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். பையை விட்டுப்போனவர் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னாராம்: ஈரக் காலுறையை மாற்றிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

உள்ளே மனைவியின் மாற்றுக் காலுறைகள் இருந்தன. ரோஸ் நிறக் கோடு போட்டவை. தனக்கென்று கொண்டுவந்ததை, தான் ஈரக் காலோடு கடைசித் தூரத்தை ஓடிக்கொள்ளலாம் என்று எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். அவள் பாதம் சின்னது. இழுத்து மாட்டியபோது குதிகாலுக்கு வர வேண்டிய இடம் உள்ளங்காலில் நின்றது. அப்படியும், காய்ந்த துணி காலைத் தொட்டபோது அந்த ரோஸ் கோட்டை விரலால் ஒருமுறை தடவினேன். தம்பி வேறு பக்கம் பார்த்து, இல்லாத ரிப்பனைத் தேடினார்.

பிறகு தோட்டத்துச் சாலை. மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று தாண்டிப் போனது. அதன் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், இந்தோனேசியர், என் நடையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளுங்கள், திடலில் விடுகிறேன் என்றார். ஏறக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார். இது போட்டி என்றேன். சாலையின் முன்னும் பின்னும் பார்த்தார். எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"யாரோட போட்டி?"

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். அந்த மனிதரும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். கொஞ்ச தூரம் எங்கள் வேகத்துக்கே வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டு, கையசைத்துப் போனார்.

திடல் தெரிந்தபோது ஏழு மணி ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனால் முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவிலிருந்து பாதிக் காற்றை இறக்கிவிட்டிருந்தார்கள். அது ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. "ஆள் வருது, ஆள் வருது" என்று யாரோ மலாயில் கத்தினார்கள். இரண்டு பேர் ஓடிவந்து வளைவைக் கைகளால் தூக்கிப் பிடித்தார்கள். நான் குனிந்து உள்ளே போய் மறுபக்கம் வந்தேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். தம்பி என் கையைக் குலுக்கிவிட்டு, ரிப்பன் பையை ஒப்படைக்கப் போனார்.

கூட்டத்தில் மனைவியைத் தேடினேன். இல்லை. காரில் இருந்தாள். இருக்கையைச் சாய்த்து, கால்களை டாஷ்போர்டின்மேல் நீட்டி, வாய் திறந்தபடி நல்ல தூக்கம். கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். பின் இருக்கையில் துண்டுக்குக் கீழே ஏதோ பளபளத்தது.

கொஞ்ச நேரத்தில் தானாகவே விழித்தாள்.

"வந்துட்டீங்களா? இப்பத்தாங்க கண்ண மூடினேன்."

"பின்னால என்ன அது?"

துண்டை இழுத்து இன்னும் மூடப் பார்த்தாள். முடியவில்லை, இடுப்பு திரும்பவில்லை. நானே எடுத்தேன். சின்னக் கோப்பை. அவள் வயதுப் பெண்களில் மூன்றாவது.

"பொம்பளைங்க அதிகம் பேரு வரலங்க" என்றாள்.

"ஏன் மூடி வச்ச?"

"நீங்க கஷ்டப்பட்டு வருவீங்க. வந்ததும் இத நீட்டினா நல்லாவா இருக்கும்?"

கோப்பையை இருவருக்கும் நடுவில் வைத்தேன். உள்ளே உட்கார எனக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. அவள்தான் ஓட்டினாள், எனக்கு வலது கால் சொன்னபடி கேட்கவில்லை.

வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். வாசலில் ஒரே ஒரு படி. அதன் முன்னால் இருவரும் நின்று யோசித்தோம். பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துப் பக்கவாட்டாக ஏறினோம். பரிமாறியவர் ஏதாவது விபத்தா என்று விசாரித்தார். மீ கோரெங் நூடுல்ஸ் வந்தது, குடிக்க மைலோ வந்தது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு குரங்குக் கூட்டம் அவளைப் பார்த்ததாம். ஓடையில் காலிலிருந்து ஒரு சப்பாத்து கழன்று போகப் பார்த்ததாம். கடைசித் தோட்டச் சாலையில் முன்னால் போன பெண்ணைப் பிடித்துவிடலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தாளாம்.

"அப்புறம்?" என்றேன்.

"பிடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்த இறாலை எடுத்துத் தின்றாள்.