ரேடியோவில் என் அடி

இன்று மாலை பள்ளித்தோழி பத்மாவும் நானும் நம் ஊர் ரேடியோவில் பாடுவதாக இருந்தது. அவள் ஒரு அடி, நான் ஒரு அடி. நான் படிப்பை நிறுத்திய பிறகும் இருவரும் விடாமல் பழகிய பாட்டு.

காலையில் அப்பா மனத்தை மாற்றிக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணு. பார்க்குல ரேடியோவுக்குக் குழாய் கட்டி ஊருக்கே கேக்க வெக்கறாங்க. நாளைக்கு மண்டியில என்னைய என்ன கேப்பாங்க?"

பத்மா தனியாகப் போனாள்.

சாயங்காலம் அம்மா, "காய் வாங்கோணும், வா" என்றாள். ஆனால் மார்க்கெட்டுக்குப் போகாமல் பார்க்குக்குள் நுழைந்தாள்.

கம்பத்தில் கட்டியிருந்த குழாயில் பத்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. என் அடிகளையும் அவளே பாடினாள். கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் நிறுத்திவிட்டாள். தம்பூரா தனியாகக் கேட்டது.

"அய்யோ, ரேடியோ கெட்டுப்போச்சு!" என்று கடலைக்காரர் கம்பத்தைத் தட்டினார்.

"அடிச்சாப் பாடிருமா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அது என் அடி. வாய்க்குள்ளேயே பாடினேன். அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் முடிக்கவும் பத்மா அடுத்த அடியைத் தொடங்கவும் சரியாக இருந்தது.

வீட்டில் அப்பா, "காய் எங்க?" என்றார்.

"விலை ஜாஸ்தி" என்றாள் அம்மா.

ரேடியோ கேட்ட தோழிகளே, நடுவில் கொஞ்ச நேரம் குரல் வரவில்லையே, அது பழுது அல்ல. நான் எப்படிப் பாடினேன் என்று சொல்லுங்கள்.