திடலைச் சுற்றிய ரோஷம்

என் அக்கா மோகனாவின் வீட்டுக்காரர் பாலன், உடற்பயிற்சி செய்வதென்று முடிவெடுத்தால் முதலில் காலுக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்குவார். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "புதிய தொடக்கம்" என்று கீழே எழுதுவார். அத்தோடு அந்தத் தொடக்கம் முடிந்துவிடும். அவர் வீட்டு வாசல் அலமாரியில் அப்படி முடிந்துபோன தொடக்கங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது. நான் அவருக்குக் கொழுந்தியாள், பெயர் உஷாராணி. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பதால் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

ஒரு காலத்தில் மனிதர் ஓடியவர்தான், இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். தினமும் விடிவதற்கு முன்னால் திடலை வியர்க்க வியர்க்கச் சுற்றிவிட்டுத்தான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை எடுப்பார். கொரோனா வந்ததும் திடலைப் பூட்டினார்கள். பிறகு திறந்தார்கள். மாமா மட்டும் தன் ஓட்டத்தைத் திறக்கவில்லை. எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றியும் நாங்கள் பழைய பெயரையே சொல்வதுபோல, அவரும் உடம்பு பெருத்த பின்பு தன்னைப் பழைய ஓட்டக்காரர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் இரத்தப் பரிசோதனையில் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை, தாறுமாறாக ஏறியிருந்தது. கிளினிக்கில் இருந்த மலாய் டாக்டர் பெண் சின்னவள்தான், ஆனால் மழுப்பத் தெரியாதவள். "நீங்கள் நடக்கவில்லை என்றால் கொஞ்ச நாளில் நடக்கக் கால் இருக்காது" என்று சொல்லிவிட்டாள். மாமா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. மாமாவின் அண்ணன் சின்னையாவுக்கு இதே இனிப்பு நீர்தான் காலை வாங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்த காலை மருத்துவமனையில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாமாவும் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி சேதுவும் அதை லோரியில் வைத்துக் கொண்டுபோய்ச் சுடுகாட்டு ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வருஷம் மீதிச் சின்னையாவையும் அங்கேயே கொண்டுபோனார்கள். அக்காவால் அதை மறக்க முடியவில்லை. மாமாவால் முடிந்தது.

சரி, நடக்கச் சொன்னால் ஒரு மனிதர் என்ன செய்வார்? நடப்பார். எங்கள் மாமா கூட்டம் போட்டார்.

"தனியா நடந்தா சோம்பல் வரும் உஷா. குழுவா நடந்தாத்தான் ஒரு ஊக்கம்" என்றார். குழு என்று வந்தால் தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும், பொருளாளர் வேண்டும். நம் ஆட்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் முதலில் நாற்காலியைத்தான் தேடுவார்கள். மீரா முகைதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் வாராவாரம் கூட்டம் நடந்தது. மாமா தலைவர், சேது செயலாளர். நடைக்கு என்ன நிறத்தில் டீ-சட்டை என்பதைப் பற்றி மட்டும் மூன்று கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரொட்டி சானாய், தே தாரேக், ஆட்டுக்கறிக் குழம்பு. நடக்கத் தொடங்குவதற்கு முன்பே குழுவில் எல்லாருக்கும் எடை கூடியது.

"இன்னும் எத்தனை கூட்டம்ங்க? ஒரு நாளாவது நடங்களேன்" என்று அக்கா கெஞ்சினாள்.

"திறப்பு விழா முடியட்டும் லா" என்றார் மாமா.

அந்தத் திறப்பு விழா நாளும் வந்தது. திடலில் கூடாரம், ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். விளக்கின் பின்னால் பெரிய பேனர். அந்தப் பேனரைப் பார்த்ததும் மாமாவின் முகம் செத்துப்போனது. பேனர் அடிக்கக் கொடுத்தது சேது. அதில் செயலாளர் சேதுவின் முகம் தட்டளவு, தலைவர் பாலனின் முகம் அப்பளத்தளவு. போதாக்குறைக்கு அப்பளத்தின் மேல் கூடாரக் கயிறு வேறு ஓடியது.

"தலைவன் நானா நீயாடா?" என்றார் மாமா, ஒலிபெருக்கி திறந்திருப்பது தெரியாமல்.

"படம் அனுப்புடான்னா நீ காடி ஓட்டுற படத்த அனுப்புன. அதுல மூஞ்சி அவ்வளவுதான் இருந்துச்சு" என்றார் சேது, அவரும் அதே ஒலிபெருக்கியில்.

அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட்டில் யார் கோல் அடித்தது என்பது வரை போனது. கடைசியில் சேது, "நீ திடல ஒரு சுத்து சுத்திக் காட்டுடா, நான் பேரையே மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஊரே கேட்டது. மாமா நாசி லெமாக்கைக் கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் வந்ததை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

குழு இரண்டாக உடைந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, கோயில் முதல் கால்பந்துக் குழு வரை எங்கள் ஊரில் எதுதான் உடையவில்லை? நீலச் சட்டை மாமா பக்கம், ஆரஞ்சுச் சட்டை சேது பக்கம்; ஆரஞ்சுக்காரர்கள் மாமாவுக்கு அப்பளம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் நீலம் திடலுக்குப் போனது. ஆரஞ்சும் போனது. அவர்கள் வலம் சுற்றினால் இவர்கள் இடம் சுற்றினார்கள். எதிரெதிரே வரும்போது இரண்டு தலைவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தார்கள். ஒரு கட்சி நிற்காமல் இன்னொரு கட்சி நிற்கக் கூடாது என்பதால், நுரை தள்ளினாலும் யாரும் நிற்கவில்லை.

மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காய்ச்சலோடு நடந்தார்கள். "உடம்பு சரியில்லன்னா இன்னிக்கு இருங்க மாமா" என்று நான் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "அவன் சிரிப்பானே" என்று சப்பாத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார். அக்காவின் கண்ணீருக்கு அசையாத மனிதர், டாக்டர் மிரட்டியும் அசையாத மனிதர், அண்ணன் காலைத் தன் கையால் புதைத்தும் அசையாத மனிதர், ஒரு பேனர் படத்துக்காக எழுந்து நடந்தார். கேட்டால் சிரிப்பு வருகிறது. எனக்கு எரிச்சலும் வந்தது.

ஆனால் இடுப்பு வார் உள்ளே போனது. கிளினிக்கில் டாக்டர் பெண் கணினியை இரண்டு முறை பார்த்துவிட்டு, "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள். "ஒழுக்கம்" என்றார் மாமா. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா மட்டும், "இன்னும் குறையணும், விட்டா ஏறிடுமாம்" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊருக்கெல்லாம் நல்லதாக முடிந்த சண்டையில் நஷ்டப்பட்டவர் மீரா முகைதீன் பாய். இரண்டு கட்சியும் காலையில் கடைக்கு வருவதில்லை. "எத்தன வருஷத்துக் கூட்டாளிங்க, இப்படிப் பேசாம இருக்கலாமாம்மா? நான் சேர்த்து வைக்கிறேன்" என்று என்னிடம் உருகினார். அவர் உருகியது நட்புக்குக் கொஞ்சம், ரொட்டிக்குக் கொஞ்சம். தன் செலவிலேயே பிரியாணி கட்டிக் கொடுத்து, சேதுவைச் சமாதானத்துக்கு அனுப்பி வைத்தார்.

மாலையில் சேது வந்து நின்றபோது மாமா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் வாசலில் இருந்தோம். சேதுவும் இளைத்திருந்தார். கையில் பிரியாணி, முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"தங்கச்சி, தப்பு என் மேலதான். அவன் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுடறேன். நாளைக்குக் காலையில பழையபடி பாய் கடையில ஒண்ணா பசியாறுவோம்."

அக்கா கேட்டைத் திறக்கவில்லை. திறந்திருந்த தாழ்ப்பாளையும் போட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, வீட்டுக்கு வந்தவர்களை அவள் அப்படி நிறுத்தியதே இல்லை.

"அண்ணே, நீங்க நல்லவருதான். ஆனா நீங்க இப்ப உள்ள வந்தீங்கன்னா இவரு நாளைக்கு நடக்கமாட்டாரு" என்றாள். "சின்னையா மச்சான் கால நீங்களும்தானே சேர்ந்து தூக்கிட்டுப் போனீங்க? அது எவ்வளவு கனம்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு இவரு முழுசா வேணும்ணே."

சேது பிரியாணிப் பொட்டலத்தைக் கம்பி வழியாக என்னிடம் கொடுத்தார். கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நடுரோட்டுக்குப் போனார். அங்கே நின்று திடல் வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"டேய் பாலா! நாளைக்கு வருவியாடா, இல்ல மூச்சு வாங்கிப் படுத்துக்குவியா? எங்க முதுகப் பார்த்துக்கிட்டே வாடா, அப்பளம்!"

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது.

"எவன்டா அவன்? உஷா! என் சப்பாத்து எங்க?"