வீடில்லாத கல்வாசலில் ஒரு நிறைகுடம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்ரோபர், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு, நாங்கள் குடியேறிய நகரின் கிழக்கிலிருக்கும் வோபர்னிலிருந்து புறப்பட்டோம். சுதன் வான் ஓட்ட, முதல்நாள் அவனைக் கைப்பிடித்த வசந்தி பக்கத்தில். பின் இருக்கையில் நானும் என் கமராவும், மடியில் தண்ணீர் நிறைத்த பித்தளைக் குடமும்.

வசந்தியின் தாயார் வவுனியாவில். கலியாணத்துக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை. "என்ர பிள்ளை எந்தப் படலையால வீடு புகுந்ததெண்டு ஒரு படம் அனுப்புங்கோ" என்று தொலைபேசியில் கேட்டிருந்தார். இவர்கள் வாடகைக்குக் குடியிருப்பதோ ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மென்ற். நுழைவது கராஜ் ஓரத்துச் சின்னக் கதவால். அதனால் படம் எடுக்கவென்று, பணக்காரர் வாழும் பேவியூப் பக்கம் சுதன் ஒரு வாசல் பார்த்து வைத்திருந்தான். பதினெட்டுக் கிலோமீற்றர்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகை வாசலைப் படங்களில்தான் கண்டிருந்தேன், அதே மாதிரி. இரண்டு ஆள் உயரக் கல்தூண்கள், தலையில் பூசணிக்காய் அளவில் கல் உருண்டைகள். இருபுறமும் நீளும் மதிலின் மேல் மழைநீர் வழிந்தோடச் சாய்வாகக் கல் பதித்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், வெயில் பட்ட பக்கம் மாட்டின் முதுகுபோல இளஞ்சூடு.

மாவிலை கிடைக்காததால் குடத்தில் சிவந்த மேப்பிள் இலை ஐந்தைச் செருகித் தேங்காய் வைத்தோம். அங்கே சருகு வாரிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். துரத்தப்போகிறார் என்று நினைத்தோம். குடம் எதற்கு என்று கேட்டார்; சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, படத்தில் விழாதபடி தன் தள்ளுவண்டியை நகர்த்தினார். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய முதலாளி தன் ஊர் ஞாபகத்தில் கட்டிய வாசலாம். மாளிகையை எப்போதோ இடித்துவிட்டார்களாம். வாசலை இடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லையாம்.

"பாத்தீரே வசந்தி, அவையும் ஊரைக் காட்டத்தான் வாசல் கட்டியிருக்கினம். அண்ணை, எடுங்கோ படத்தை" என்றான் சுதன்.

வசந்தி நகரவில்லை. "அம்மா இதை எங்கட வீட்டு வாசலெண்டு நினைப்பா."

"நினைக்கட்டுமன். மனுசி நிம்மதியா நித்திரை கொள்ளுவா."

"பிறகு எத்தனை அறை, கிணறு எங்கையெண்டு கேப்பா. கிழமைக்கொரு அறை நீங்கள் கட்டிக் குடுப்பியளோ?"

வந்ததற்கு ஒரு படம் எடுத்தேன். சுருளில் இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

திரும்பும்போது வசந்தி பின் இருக்கைக்கு வந்து, குடத்துக்கு சீற் பெல்ற் போட்டுப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டே கால். கராஜ் ஓரத்துக் கதவடியில் குடத்தை வைத்தோம். இருவர் சேர்ந்து நிற்க இடமில்லை. சுதன் ஒரு படி கீழே நின்றான். அவள் வலது காலை உள்ளே வைத்தபோது கடைசிப் படத்தை எடுத்தேன்.

இரண்டையும் ஒரே உறையில் அனுப்பினாள். முதலாவதின் பின்புறம் "பார்க்கப் போன வாசல்" என்றும் மற்றதில் "புகுந்த வாசல்" என்றும் எழுதியிருந்தாள்.

அடுத்த மாதம் தாயாரின் அழைப்பு வந்தது. கல்தூணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"சின்னக் கதவெண்டாலும் குடம் வடிவா வைச்சிருக்கிறியள், பிள்ளை. மாவிலை மட்டும் பழுத்துப்போச்சு. பச்சையாப் பாத்து வாங்கக் கூடாதே?"