கைக்கெட்டிய சிலிண்டர்

மனிதர்கள் கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பார்கள். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வயது முப்பத்தைந்து, பெருமையாகக்கூட இருந்தது. இன்று எழுதும்போது காதுமடல் சுடுகிறது.

அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் சில வருஷம் தீயணைப்புக் காவல் பார்த்தார். பிறகு, இரண்டாயிரத்து நான்கில், கடலூரில் தீயணைப்பான்களுக்குப் பவுடர் நிரப்பித் தரும் கடையைத் தொடங்கினார். பள்ளிக்கூடச் சுவரிலும் மில் சுவரிலும் சிவப்பாகத் தொங்குமே, யாரும் ஏறெடுத்தும் பார்க்காத அந்தச் சிலிண்டர்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் திறந்து, கட்டிப்போன பவுடரைக் கொட்டிவிட்டுப் புதியதைச் சலித்து நிரப்ப வேண்டும். எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் எதையும் கட்டியாக்கிவிடும். அப்பா நிரப்புவார். அம்மா முத்து முத்தான எழுத்தில் 'பரிசோதிக்கப்பட்டது' என்று அட்டை எழுதி நூல் கோப்பாள். நான் வண்டி ஓட்டுவேன், மாட்டுவேன்.

அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் ஒரு தகரத் தட்டில் டீசல் நனைத்த துணியைக் கொளுத்தி வைப்பார். வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, "நீங்களே ஒண்ணு எடுங்க சார், எதுவா இருந்தாலும் சரி" என்பார். எடுத்தது அணைக்காவிட்டால் மொத்தத்தையும் மறுபடி நிரப்பித் தருவதாகப் பேச்சு. அப்படி ஒரு முறையும் நடந்ததில்லை. அந்த ஒரு நிமிஷத் தீயில்தான் எங்கள் கடை நின்றது.

சிதம்பரம் பக்கத்து வேலை என் பொறுப்பு ஆனது. பவுடரும் சல்லடையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே நிரப்புவேன். முதல் வருஷம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு முதுகு வலித்தது, வெயில் வலித்தது, எழுதாமல் விட்ட கவிதை வரிகள் வலித்தன. ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் நிரப்பி, வாடிக்கையாளர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். மற்றவற்றைத் துடைத்து அம்மாவின் அட்டையைக் கட்டினேன். "நீங்களே எடுங்க" என்றேன். எட்டியதையே எடுத்தார்கள். தீ அணைந்தது, கை தட்டினார்கள். மிஞ்சிய பவுடரைத் திருப்பிக் கொண்டுபோனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று, திரும்பும் வழியில் வெள்ளாற்றங்கரையில் கொட்டினேன். நாணல்கள் மாவு பூசிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்து ஒரு வரி தோன்றியது, எழுதிக்கொண்டேன். வெட்கத்தில் அதுவும் சேர்த்தி.

இரண்டாயிரத்து ஒன்பதில் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதி. முதல் நாள் வேலையை 'முடித்து'விட்டேன். வார்டன் ஊரில் இல்லாததால் சோதனை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மறுநாள் பார்த்து அப்பா, சிதம்பரத்தில் ஒரு பட்டாளத்து நண்பரைப் பார்க்க வேண்டும் என்று வண்டியில் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

தட்டில் தீ எரிந்தது. அப்பாவே, "எது வேணாலும் எடுங்கம்மா" என்றார். வார்டன் சமையல்கார அம்மாவைக் கை காட்டினாள். நான் வைத்திருந்த சிலிண்டரை அந்த அம்மா தாண்டிப் போனாள்.

"இங்கயே இருக்கே, இத எடுங்களேன்" என்றேன்.

"அது எனக்கு எதுக்கு தம்பி? நாளைக்கு என் அடுப்பு பத்திக்கிச்சின்னா ஓடியாந்து இதையா எடுப்பேன்? அடுப்பாண்ட இருக்கறதத்தான எடுப்பேன்" என்று சமையலறைச் சுவரில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

அழுத்தினாள். சிலிண்டர் ஒரு முறை இருமியது. ஒரு கைப்பிடி பவுடர் காலடியில் விழுந்தது. தீ அதுபாட்டுக்கு எரிந்தது. அந்த அம்மா ஒரு ஈரச் சாக்கைப் போட்டு அதை அணைத்துவிட்டு, "இதுக்கு எங்கூட்டு சாக்கே தேவலாம்யா" என்றாள். மாடியிலிருந்து பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்தார். சாயங்காலம் வரை திறந்தார்.

வண்டியில் ஒரே கேள்விதான். "வேற எங்கெங்க?"

சொன்னேன். பதினோரு இடம். அம்மாவின் அட்டை ஒன்றைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாட்களில் பதினோரு இடத்துக்கும் போனோம். எல்லாவற்றையும் அவரே நிரப்பினார். முடிந்ததும் உரிமையாளர் முன்னால் நேராக நின்று, "போன வாட்டி நாங்க சரியா நெரப்பல. எங் கடையில நடந்த தப்பு, பொறுப்பு என்னுது" என்பார். அதோடு நிறுத்துவார். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். அந்த இடைவெளி யாருக்கானது என்று எனக்குத் தெரியும். நான் சல்லடையைத் தட்டிக்கொண்டிருப்பேன், அல்லது கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பேன். அவர்கள் அப்பாவின் நரையைப் பார்ப்பார்கள். "பரவால்ல சார், வயசாவுதுல்ல" என்பார்கள். குறிஞ்சிப்பாடியில் ஒருவர், "இவ்ளோ நேர்மையா வந்து சொல்றீங்களே" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து இடம் இப்படிக் கழிந்தது.

கடைசி, கீரப்பாளையத்தில் ஒரு ரைஸ் மில். அதன் முதலாளி சுற்றி வளைக்காதவர். அப்பா சொல்லி முடித்ததும், "அதெல்லாம் இருக்கட்டும். யார் கை நெரப்புனது?" என்றார்.

அப்பா முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, காத்திருந்தார், அவ்வளவுதான். மில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. தவிடு பறந்தது. என் வாய் திறந்தது.

"அப்பாதாங்க. கண்ணு முன்ன மாதிரி தெரியல அவருக்கு."

முதலாளி உச்சுக்கொட்டினார். "அதச் சொல்லுங்க. இனிமே நீங்களே வாங்க தம்பி. பெரியவர அலைய விடாதீங்க."

அப்பா சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். வெளிவேலைக்கு அதன்பின் அவர் வரவில்லை.

மில் முதலாளி நல்ல மனுஷர். அடுத்த மாதமே பாண்டிச்சேரியில் ஒரு கண் டாக்டரிடம் அப்பாவுக்கு நேரம் வாங்கி, கடைக்கே போன் செய்தார். அப்பா போனை எடுத்து, "சரிங்க, போறேன்" என்றார். உண்மையாகவே போனார். பஸ் பிடித்துப் போய், வரிசையில் உட்கார்ந்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மங்கிய கண்ணோடு திரும்பி வந்தார்.

"கண்ணு ரொம்ப நல்லா இருக்காம்" என்றார் என்னிடம். "மில்லுக்காரரு கேப்பாரு. நீயே சொல்லிடு."

அப்பா இருந்த வரை வருஷா வருஷம் கீரப்பாளையம் போனேன். ஒவ்வொரு சிலிண்டரையும் திறந்து, சலித்து, என் கையால் நிரப்பினேன். "அப்பா கண்ணு எப்பிடி இருக்கு?" என்று ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார்.

"பரவால்லங்க" என்றேன்.