கல் குழம்பும் கைக்குழந்தையும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு... உடம்புக்கு ஒன்றுமில்லை. கல் உருக்கிக்கொண்டிருந்தேன்!

நான் சேலத்தில் ஜியாலஜி ஆராய்ச்சி மாணவி என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் சங்ககிரிப் பக்கத்துப் பாறையில் ஊதா நிறத்தில் ஒரு கல் நரம்பு மாதிரி ஓடுகிறது. ஃப்ளோரைட். அது எப்படி அங்கே வந்தது? பூமிக்கடியில் எல்லாமே கொதிக்கும் கல் குழம்பாக, மாக்மாவாக இருந்தபோதே, சாதாரணப் பாறையாகும் சிலிகேட் குழம்பிலிருந்து ஃப்ளோரைடு குழம்பு தனியாகப் பிரிந்துவிட்டதா? ரசத்தில் விட்ட நெய் முத்து முத்தாக ஒதுங்குமே — அந்த மாதிரி.

பிரிந்ததை யார் பார்த்தது? அதனால்தான் பாறைத் தூளையும் ஃப்ளோரைடையும் பிளாட்டினக் குப்பியில் அடைத்து, உலையில் உருக்கி, சட்டென்று தண்ணீரில் போடுகிறேன். உருகியிருந்த கோலம் அப்படியே கண்ணாடியாக உறைந்துவிடும்.

சொல்வது சுலபம். ஒவ்வொரு தடவையும் குப்பி கசிந்து, ஃப்ளோரின் விஷ ஆவியாகப் பறந்துபோனதுதான் மிச்சம். கையில் இருந்தது கடைசிக் குப்பி. "இதுவும் போச்சுன்னா வேற தலைப்பு பாத்துக்கம்மா" என்று கைடு சொல்லிவிட்டார்.

நடுவில் என் மகள். இப்போதுதான் தவழ்கிறாள். கணவர் லாரி எடுத்துக்கொண்டு பம்பாய் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. மாமியார் உயிரோடு இல்லை. அந்த ஆவி கசியும் இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போக முடியுமா? ஆராய்ச்சியை விட்டுவிடுவதாக மாமனாரிடம் சொன்னேன்.

"ஏன் அம்மிணி, கொழந்தைய நான் பாத்துக்க மாட்டனா?" என்றார்.

காடு கழனி வேலையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். லேப் ஜன்னலுக்கு எட்டத்தில் ஒரு வேப்பமரம். அதில் தன் வேட்டியால் தூளி கட்டினார். பக்கத்தில் பால் பாட்டில். மாணவர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

உலையைத் திறந்து, இடுக்கியால் குப்பியைப் பிடித்த நேரம்... வெளியே வீல் என்று அலறல். பசி அழுகை இல்லை. எனக்குக் கை ஓடவில்லை. ஒரு நொடி தாமதித்தாலும் குப்பி ஆறிவிடும்!

"அம்மிணி! நீ உன்ற சோலியப் பாரு! நான் இருக்கறன்!" — மாமாவின் குரல்.

தண்ணீரில் போட்டேன். 'சொய்ங்'. போட்டதும் ஓடினேன்.

செவ்வெறும்பு கடித்திருக்கிறது. மகள் அழுகையை நிறுத்தி, தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தது தாத்தாதான்.

"பாக்காம உட்டுட்டனே, சாமி..."

"எறும்பு எல்லாரையும்தான் கடிக்கும். உடுங்க மாமா" என்றபடி மகளை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் கண்ணாடியை மெல்லிய சீவலாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். தெளிந்த சிலிகேட் கண்ணாடி. அதற்குள் தனித்தனியாக, உருண்டை உருண்டையாக ஃப்ளோரைடு! குழம்பாக இருக்கும்போதே பிரிந்திருக்கிறது. கைடு வெகுநேரம் பார்த்தார். "எழுத ஆரம்பிம்மா" என்றார். அவ்வளவுதான்.

மாமாவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக் குனிந்தவர், "ஜவ்வரிசியாட்ட இருக்குதே!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு சொந்தக்காரர் மாமாவைச் சீண்டினார்: "ஏனுங்க, கொழந்தையத் தூக்கிட்டு டெய்லி காலேஜுக்குப் போறீங்களாமா? அங்க உங்களுக்கு என்ன சோலி?"

மாமா பேத்தியின் வாயில் பாயசத்தைத் தொட்டு வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"நாங்க கல்லு உருக்கி ஆராய்ச்சி பண்றமுங்க."

'நாங்க'வாம்!