புத்தூர் பஸ்ஸில் வந்த கதாநாயகன்

திருப்பதியில் தனி அறை எனக்கு. சாப்பிடும்போது துணைக்குப் போனில் கதை கேட்பேன். இன்று பழைய காதல் நாவல் ஒன்றை இந்தக் காலத்துக்கு மாற்றிச் சொன்னார்கள். கடிதத்துக்குப் பதில் வாட்ஸ்அப், குதிரை வண்டிக்குப் பதில் கார். கேட்டதுமே எங்கள் ஊர் நகரியில் என் சின்னம்மா ராட்டை சுற்றும் சத்தம் காதுக்குள் வந்துவிட்டது.

பம்பாய்க்கு வேலைக்குப் போன சித்தப்பாவிடமிருந்து தகவல் நின்றபின், சின்னம்மா எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். கஞ்சி வாசனை அடிக்கும் தறி நூலைச் சுற்றிக்கொண்டே, தான் படித்த தெலுங்கு நாவல்களைத் தமிழில் சொல்லுவாள். எந்தக் கதையானாலும் சரி, பிரிந்துபோன கதாநாயகன் கடைசியில் எங்கள் ஊருக்கு வரும் புத்தூர் பஸ்ஸில் மல்லிப்பூவோடு வந்து இறங்கிவிடுவான்.

"ஏண்டி, புக்குல புத்தூர் பஸ் எங்கடி வந்துச்சு?" என்று அம்மா சிரிப்பாள்.

"உனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியுமாக்கா? கம்முனு கேட்டுக்கினு இரு."

ஒருநாள் கதையின் முடிவில் சின்னம்மா பஸ்ஸைக் கொண்டுவரவில்லை; ராட்டையை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவன் வந்தானாடி?" என்றாள் அம்மா.

"வரலக்கா. புக்குல அப்படித்தான் போட்டுக்குது."

அம்மா சிரிக்கவில்லை. ராட்டையை வாங்கித் தானே சுற்ற ஆரம்பித்தாள்.

இன்று போனில் கேட்ட கதையில் கதாநாயகன் விமானம் பிடித்துத் திரும்பி வந்துவிட்டான். "வந்துட்டான் சின்னம்மா" என்று காலி அறையில் வாய்விட்டே சொன்னேன்.